பன்னிரண்டு விரிப்புகள்

ஆராதனையில் ஆடவேண்டிய ஷனீஸின் பாவாடை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. டெல்ஃபின் பாஸ்டரின் அறையில் தரையில் மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, விளிம்பை மடித்துக் குத்திக்கொண்டிருந்தாள். கதவுக்கு அப்பால் ஆர்கன் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சவப்பெட்டி ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. ஆராதனை பதினொன்றுக்கு.

"மிஸ் டெல்ஃபின், எழுந்திரிங்க. இன்னைக்குப் போயி நீங்க இதெல்லாம் பண்ணலாமா?"

"அசையாம நில்லு. ஊசி ஏறிடும்."

"ஏறட்டும். அப்பவாவது அழுகை வருதான்னு பாப்போம். நேத்துலருந்து வரமாட்டேங்குது."

டெல்ஃபினுக்கும் வரவில்லை. அறுபத்தொரு வயதில் அழுகைக்குக்கூட வேலை முடிய வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை விடியலில் அம்மா போனாள். அன்றிலிருந்து டெல்ஃபின் பூக்காரரிடமும் அச்சகத்திலும் சமையலறைப் பெண்களிடமும் பேசிக்கொண்டே இருந்தாள். இன்று எல்லாம் சரியாக நடக்க வேண்டும். கறுப்பர்கள் வாழும் ஹோம்வுட் பகுதியில் பாதிப் பேர் யூலா ஹார்கிரோவிடம் நடனம் கற்றவர்கள். மீதிப் பேர் தங்கள் பிள்ளைகளை அனுப்பியவர்கள். கறுப்புப் பெண்ணுக்கு நகரத்தின் எந்த நடனப் பள்ளியும் கதவு திறக்காத காலத்தில், மெத்தைக் கடை மாடியில் சொந்தமாகப் பள்ளி தொடங்கியவள் அம்மா. ஒரு வருடமாக அவளைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது முடிவதற்குள் அவள் முடிந்துவிட்டாள்.

"வா, இடம் பாத்துக்கலாம்" என்று டெல்ஃபின் எழுந்தாள்.

பெட்டிக்கும் முதல் வரிசைக்கும் நடுவே பன்னிரண்டு அடிதான் இருந்தது. பெட்டி திறந்திருந்தது. அம்மாவுக்கு ஊதா நிற உடுப்பு. உதட்டுச் சாயம் கொஞ்சம் அதிகம். அந்தப் பக்கம் பார்க்காமல் ஷனீஸ் நடனத்தை அளவெடுப்பதுபோல மெதுவாக நடந்து காட்டினாள்.

அம்மா 1957இல் அமைத்த தனி நடனம் அது. பெயர் 'பன்னிரண்டு விரிப்புகள்'. நீராவிச் சலவைக்கூடத்தில் ஒரு பெண் பன்னிரண்டு படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறாள். அவ்வளவுதான். ஒரே கை வேலை செய்யும், மற்றக் கை முஷ்டியாக அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும், கடைசிவரை திறக்காது. ஒன்பது நிமிட நடனத்தை இன்றைக்காக மூன்று நிமிடமாகக் குறைத்திருந்தாள் டெல்ஃபின். ஷனீஸின் வலது கை காற்றில் நீண்டு, வழுக்கி, திரும்பி வந்தது.

முதல் வரிசையில் டில்மன் மாமா ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றொரு வயது. கறுப்புக் கோட்டு அவரைவிட இரண்டு அளவு பெரிதாகியிருந்தது. அந்த நடனத்துக்கு முதல் மேடையில் டிரம் வாசித்தவர் அவர்தான்.

"இன்னைக்குமா அந்தக் கை?" என்றார்.

டெல்ஃபின் திரும்பினாள். "என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல புள்ள. பல்செட்டு சரியா உக்காரல. வாயி தானா பேசுது."

"எந்தக் கை?"

அவர் கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டார். இனிப் பேச மாட்டார் என்று அர்த்தம். ஆனால் பக்கவாட்டில் கேமராவின் கால்களை விரித்துக்கொண்டிருந்த ரெனே நிமிர்ந்துவிட்டாள். ஆவணப்படம் எடுக்கும் பெண் அவள். கிளீவ்லேண்டிலிருந்து வருகிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். டில்மனைப் பார்த்தாள், பிறகு டெல்ஃபினைப் பார்த்தாள்.

"மிஸ் டெல்ஃபின், ஒரு நிமிஷம் வர்றீங்களா? நாளைக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

பாஸ்டரின் மேசைமேல் மடிக்கணினியைத் திறந்தாள். திரையில் அந்தப் பழைய படம். அம்மாவின் நடனத்தை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் எடுத்து வைத்திருந்த ஒரே சுருள். டெல்ஃபினுக்கு அது மனப்பாடம். 1984இல் ஒரு நூலகக்காரர் அதை அவளுக்கு வீடியோ நாடாவாக மாற்றிக் கொடுத்தார். அம்மா இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த நாடாவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மறந்துபோன நடனத்தை ஒவ்வோர் அசைவாக மீட்டெடுத்தவள் அவள்தான். அதிலிருந்துதான் அவளுடைய நடனக் குழு வளர்ந்தது. அதிலிருந்துதான் அவளுக்கு ஒரு பெயரும் வந்தது.

"சுருளப் போன வாரம் ஒரு ஆய்வகத்துல சுத்தம் பண்ணித் துலக்கினாங்க" என்றாள் ரெனே. "இருட்டா இருந்த எடமெல்லாம் இப்பத் தெரியுது. இங்க பாருங்க. டிரம்."

மேடையின் மூலையில், நாடாவில் எப்போதும் கறுப்பாக மட்டும் இருந்த இடத்தில், ஒரு டிரம் இருந்தது. அதன் தோலில் வெள்ளைப் பெயின்ட்டால் டில்மனின் பெயர். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல வலமிருந்து இடமாக இருந்தன.

"சுருளே பொறம் மாத்திப் பிரதி எடுத்தது" என்றாள் ரெனே. குரலைத் தாழ்த்தியிருந்தாள். "அப்பவே. நீங்க பாத்த நாடாவுலயும் அப்படித்தான். இடது வலதாயிருக்கு."

ரெனே ஒரு பொத்தானைத் தட்டினாள். படம் புரண்டது. எழுத்துகள் நேராயின. இருபத்தாறு வயது அம்மா இடது கையால் இஸ்திரி போட்டாள். வலது கை அடிவயிற்றில் முஷ்டியாக இருந்தது.

டெல்ஃபினுக்கு முதலில் நினைவு வந்தது கோரா பெரியம்மாவின் கை.

அம்மாவின் அக்கா. பதினேழு வயதில் சலவைக்கூடத்தில் விரிப்பு தேய்க்கும் சூடான உருளைக்குள் வலது கை போய்விட்டது. எடுத்தபோது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதன்பிறகும் அங்கேயே வேலை பார்த்தாள், இடது கையால். டெல்ஃபினுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுவரை பெரியம்மா இருந்தாள். ரொட்டியை இடது கையால்தான் நீட்டுவாள். வலது கை எப்போதும் மேலங்கிப் பைக்குள், வயிற்றை ஒட்டி இருக்கும்.

அந்த முஷ்டி பசி என்று டெல்ஃபின் சொல்லியிருந்தாள். பத்திரிகைக்காரர்களிடம், கல்லூரி மாணவர்களிடம், ஒருமுறை வாஷிங்டனில் முந்நூறு பேர் முன்னால். "எங்க இனத்தின் பசி அது." அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. அந்த ஆய்வகத்துல ஒருத்தருக்கு. அவருக்கு நடனம்னா என்னன்னே தெரியாது." ரெனே கணினியை மூடினாள். "அப்புறம், வெளிய ஒக்காந்திருக்காரே, அவருக்கு."

ஷனீஸ் கதவைத் தட்டிவிட்டுத் தலையை நீட்டினாள். "செருப்பக் கழட்டிட்டு ஆடவா, பெட்டி பக்கத்துல தரை வழுக்குது."

"ஷனீஸ்" என்றாள் டெல்ஃபின். "இடது கையால ஆட முடியுமா உன்னால?"

"எத?"

"முழுசா. திருப்பிப் போட்டு."

ஷனீஸ் சிரித்தாள். பிறகு டெல்ஃபின் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். "மிஸ் டெல்ஃபின், இன்னும் நாப்பது நிமிஷங்கூட இல்ல. எட்டு வருஷமா இந்தக் கையிலதான் இருக்கு. தலைக்குச் சொன்னாப் புரியும், காலுக்கு எப்படிச் சொல்றது? நடுவுல மோதி பெட்டி மேலயே விழுந்துருவேன். ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. செருப்பக் கழட்டிக்கோ."

*

வெள்ளைக் கையுறை அணிந்த சபை உதவியாளர் சிஸ்டர் பெட்டிஸ் குடும்பத்தை வரிசைப்படுத்தி உள்ளே அழைத்துச் சென்றாள். அழுது மயங்குகிறவர்களைக் கவனிக்கும் சபைத் தாதிகள் வெள்ளைச் சீருடையில் சுவரோரம் காகித விசிறிகளோடு நின்றார்கள். "பேசறதுக்கு ரெண்டு நிமிஷம்" என்று டெல்ஃபினின் காதில் சொன்னாள் பெட்டிஸ். "யாரா இருந்தாலும் ரெண்டு. போன மாசம் ஒருத்தரு பதினெட்டு நிமிஷம் பேசினாரு. பெட்டியில இருந்தவரே எந்திரிச்சு, போதும்யான்னு சொல்லியிருப்பாரு."

பாடல், ஜெபம், இன்னொரு பாடல். சபை கைதட்டியது. யாரோ ஒருத்தி பின்னால் கதறினாள், தாதிகள் ஓடினார்கள். டெல்ஃபின் நிகழ்ச்சித்தாளை மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அதை அவள்தான் அச்சுக்குக் கொடுத்தாள்.

"வாழ்க்கைக் குறிப்பு" என்றார் பாஸ்டர். "அவரவர் மௌனமா வாசிச்சுக்கோங்க."

ஆர்கன் மெதுவாக ஆரம்பித்தது. இருநூற்றைம்பது தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. தாள் புரளும் சத்தம் மழைபோல வந்து நின்றது.

அவள் எழுதியிருந்தது இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பத்தியில் இருந்தது. *யூலா ஹார்கிரோவின் 'பன்னிரண்டு விரிப்புகள்' நடனத்தை, ஓர் அசைவுகூட மாறாமல், அவருடைய மகள் முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காத்துவருகிறார்.* புதன்கிழமை சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். முதலில் 'ஏறக்குறைய' என்று ஒரு சொல் இருந்தது. அடக்கம் அதிகமாகத் தெரிகிறது என்று அடித்துவிட்டாள்.

எல்லோரும் அவரவர் வேகத்தில் படித்தார்கள். அதனால் அந்த வரி எப்போது படிக்கப்படுகிறது என்று சொல்ல முடியவில்லை. இடப்பக்கம் ஒரு வரிசை அதை எட்டியிருக்கும். பின்வரிசைக் கிழவர்கள் இன்னும் எட்டியிருக்க மாட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு பெண் தாளிலிருந்து கண்ணெடுத்து, டெல்ஃபினைத் தேடிப் பிடித்து, ஆமென் என்பதுபோலத் தலையசைத்தாள். டெல்ஃபினும் தலையசைத்தாள். டில்மன் மாமா தாளைத் திறக்கவே இல்லை. மடித்தபடியே அதால் விசிறிக்கொண்டிருந்தார்.

ஆர்கன் நின்றது. "மகள் பேசுவாங்க" என்றார் பாஸ்டர்.

ஒலிவாங்கிவரை ஏழு அடி. நடக்கும்போது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஒரு வாக்கியம் போதும். 'நான் எழுதினது தப்பு.' அதற்கடுத்த வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. ஒலிவாங்கியின் முன் நின்றபோது மூன்றாவது வரிசையில் பழைய மாணவிகள் தெரிந்தார்கள். அந்த நடனத்தை ஆடிய ஒன்பது பேர். எல்லோரும் இவளிடம் கற்றவர்கள், இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்தவங்க எல்லாருக்கும் நன்றி" என்றாள். "அம்மாவுக்கு இந்தச் சபைன்னா உசுரு. சாப்பாடு கீழ இருக்கு, யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது."

நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது. சிஸ்டர் பெட்டிஸ் நெஞ்சில் கைவைத்துப் பாராட்டினாள்.

ஷனீஸ் ஆடினாள். முன்னெப்போதும் அப்படி ஆடியதில்லை. நடுவில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வலது கையால் இல்லாத விரிப்பை இழுத்தாள், தேய்த்தாள், மடித்தாள். "அப்படித்தாம்மா", "ஆமென்", "அவசரமில்ல, மெதுவா ஆடு" என்று சபை குரல் கொடுத்தது. பெட்டிக்குள் அம்மாவின் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. எந்தக் கை மேலே இருந்தது என்பதை டெல்ஃபின் பார்க்காமல் இருக்க முயன்றாள். பார்த்தாள்.

இப்போது மேலே இருந்த அந்த இடது கை, திங்கட்கிழமை இரவு ஆஸ்பத்திரியில் சும்மா இருக்கவில்லை. விரிப்பை நீவிக்கொண்டே இருந்தது, மேலிருந்து கீழாக, மறுபடி மேலிருந்து. அதில்தான் ஊசி ஏற்றியிருந்தார்கள். "கழண்டுரும்மா, சும்மா இரு" என்று டெல்ஃபின் அதைப் பிடித்துக் கீழே அமுக்கி வைத்திருந்தாள். அம்மா ஓய்ந்தபிறகும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

*

கல்லறையிலிருந்து திரும்பியபோது மணி இரண்டு. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பொரித்த கோழி, கீரை, பாலாடைக்கட்டி சேர்த்து அவித்த மக்ரோனி, சர்க்கரைவள்ளி கேக். ஒவ்வொருவராக வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

"உங்கம்மாவே எந்திரிச்சு வந்து ஆடின மாதிரி இருந்துச்சு."

"நீ மட்டும் இல்லன்னா அந்த ஆட்டம் அவங்களோடயே போயிருக்கும், தெரியுமா?"

"எம் பொண்ணுங்களுக்கு நான் செத்தா கல்லறைக்கு வழி தெரியுமான்னே சந்தேகம். யூலா கொடுத்து வச்சவ."

டெல்ஃபின் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். பிறகு ஒரு தட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு டில்மன் மாமாவின் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவர் கோழியைக் கத்தியால் நுணுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அவர் நிமிரவில்லை. "தெரியறதுக்கு என்ன இருக்கு? அவ போட்ட ஆட்டம்."

"மாமா."

"கக்கத்துக் கட்டையோட வந்து ஒக்காந்தா பாரு, எம்பத்துநாலுல, ஒன் ஒத்திகையப் பாக்க. நான் பக்கத்துல. மொத விரிப்புலயே எங்கையப் புடிச்சு நசுக்கினா. நான் வாயத் தொறக்கறேன், காதுக்குள்ள வந்து சொல்றா, ஒரு வார்த்த பேசின, ஒன் டிரம்ம மாடிப்படியில உருட்டி விட்டுருவேன்னு. செஞ்சிருப்பா. ஒனக்குத் தெரியும்."

"ஏன்?"

இப்போது நிமிர்ந்தார். "நியூயார்க்ல இருந்து நீ எப்படி வந்தன்னு ஞாபகம் இருக்கா புள்ள? எந்த டான்ஸ் குழுவும் ஒன்ன எடுத்துக்கலன்னு. ரெண்டு வருஷம் ஒரே ரூமு. ஜன்னல் தொறக்க மாட்ட. குளிக்கவே சண்ட. ஒத்திகை அன்னைக்கு நீ என்னடான்னா மாடி நடுவுல நின்னுக்கிட்டு, அந்த லைட்டக் கொறையுங்கடான்னு கத்திக்கிட்டிருந்த. ஆட வந்த பொண்ணுங்கள வெரட்டிக்கிட்டிருந்த." கோழியை ஒரு துண்டு வாயில் போட்டு மெதுவாக மென்றார். "கோரா கோவிச்சுக்க மாட்டான்னு சொன்னா. இவ தாங்க மாட்டா, கோரா கோவிச்சுக்க மாட்டா. அவ்வளவுதான் சொன்னா. அப்புறம் அந்தப் பேச்சே கெடையாது."

அன்று அம்மா தன்னிடம் சொன்னது டெல்ஃபினுக்கு நினைவிருந்தது. 'நல்லாருக்கு. முட்டிய இன்னும் கொஞ்சம் மடக்கச் சொல்லு.' முப்பத்தைந்து வருடம் ஒவ்வொரு மேடைக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். ஒருமுறைகூட இடையில் எழுந்து போனதில்லை.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம், பின்னாடி."

"எந்த வருஷத்துல சொல்றது? பத்தாவது வருஷத்துலயா, இருவதாவது வருஷத்துலயா?" என்றார் டில்மன். "சாப்புடு. ஆறிப்போச்சு."

ரெனே சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்து, கேமராவிலிருந்து கணினிக்கு எதையோ மாற்றிக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் தட்டோடு எழுந்து அவள் பக்கத்தில் போய் அமர்ந்தாள்.

"ஏப்ரல் மாசம் எடுத்தியே, மாடியில. அது இருக்கா?"

ரெனேவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அத நான் வெட்டிடறேன், மிஸ் டெல்ஃபின். நேத்தே முடிவு பண்ணிட்டேன். அது இல்லாமலேயே படம் நிக்கும். யாருக்கும் தெரியாது."

"போடு."

"இப்பவா? இங்கயா?"

"போடு."

அந்த மதியம் டெல்ஃபினுக்கு நன்றாக நினைவிருந்தது, அல்லது அப்படித்தான் நினைத்திருந்தாள். அம்மா நாற்காலியில். எண்பத்தெட்டு வயது. எழுந்து ஆட வேண்டாம், கையை மட்டும் காட்டுங்கள் என்று ரெனே கேட்டாள். அம்மா இடது கையைத் தூக்கினாள், வலது முஷ்டி வயிற்றோடு ஒட்டியிருந்தது. கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்த டெல்ஃபின் பொறுக்காமல் குரல் கொடுத்தாள். அந்தக் குரல் இப்போது கணினியிலிருந்து வந்தது, அவள் நினைத்திருந்ததைவிடக் கூர்மையாக.

*"அம்மா, அது இல்ல. வலது கை. எத்தன வருஷமா பாக்குற?"*

பிறகு சிரிப்பு. *"வயசாயிடுச்சு, விடுங்க"* என்று படக்குழுவிடம் சொல்லும் அதே குரல். அவர்களும் சிரித்தார்கள். அவர்களைப் பார்க்கத்தான் அன்று அவள் திரும்பியிருந்தாள். அதனால் அதற்குப்பின் என்ன நடந்தது என்பதை அவள் பார்க்கவில்லை.

கேமரா பார்த்திருந்தது.

அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்றுத் தள்ளி, மகள் நின்ற திசையில் பார்த்தாள். முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை. தூக்கிய இடது கையை மடிக்கு இறக்கினாள். வலது முஷ்டி திறந்தது.

டெல்ஃபினின் முதுகுக்குப் பின்னால் யாரோ கேக் வெட்டியாயிற்று என்று கூப்பிட்டார்கள்.

"என்ன பண்ணட்டும்?" என்றாள் ரெனே.

"இருக்கட்டும். ஒரு நொடிகூட வெட்டாத." தட்டைக் கீழே வைத்தபடி, "என் குரலையும்" என்றாள். "திங்கக்கிழமை கேமராவ எடுத்துக்கிட்டு மாடிக்கு வா. பிள்ளைங்கள எல்லாம் வரச் சொல்றேன்."

திரையில் அம்மா வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். அந்தக் கைக்கு இது பழக்கமில்லை. விரல்கள் எவ்வளவு விரிய வேண்டும் என்று தெரியாமல் ஒருமுறை விரிந்து, ஒருமுறை சுருங்கி, பிறகு இல்லாத துணியின் ஓரத்தைத் தேடிப் பிடித்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவளைப்போல, மெல்லத் தேய்க்கத் தொடங்கின.